அளவுப் பெஞ்சின் மேல் மாதா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று என் மனைவி ஜோஸ்லின் சொல்வாள். தப்பு. மூக்கு நுனியில் இருந்திருந்தால் நானே ஒருநாள் பார்த்துத் தட்டி விட்டிருப்பேன். அது கண்ணுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது. அது எழுந்துவிட்டால் எனக்குக் கண் தெரியாது, காது கேட்காது, வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும்.

மனோஜ்குமாருக்கு அன்று கம்பெனியில் கடைசி நாள். மதியம் பிரியாணி போட்டு வழியனுப்புவதாக ஏற்பாடு. மறுநாள் காலையில் பெங்களூரிலிருந்து வாடிக்கையாளர்கள் வருவதாக இன்னொரு ஏற்பாடு. இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். நாங்கள் செய்கிற காந்தப் படலம் பரிசோதனையில் தேறிவிட்டது, ஆனால் மனோஜ் கையால் தேறவில்லை.

சிங்காநல்லூரில் மூடிக் கிடந்த ஒரு மில் குடோனைச் சுத்தம் பண்ணி, பாதிக்குக் கண்ணாடி அடைத்து, எங்கள் முதலாளி அரங்கசாமி நடத்துகிற சின்னக் கம்பெனி இது. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம். பம்ப்செட் செய்து அலுத்துப்போய் இதில் இறங்கினார். நாங்கள் செய்வது மென்காந்தப் படலம். காதில் செருகுகிற இயர்பட்ஸைப் பிரித்தால் உள்ளே கடுகளவுக்குச் சிப் இருக்கும். அதற்குள் கம்பிச் சுருள் வேண்டும், சுருளோடு காந்த உலோகமும் வேண்டும். கடுகுக்குள் இரும்புத் துண்டையா வைக்க முடியும்? அதனால் காற்றை உறிஞ்சி எடுத்த சேம்பருக்குள் உலோகத்தைத் தூவி, தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்குக்குப் படிய வைக்கிறோம். காந்தம் அதில் சட்டென்று ஏற வேண்டும், சட்டென்று இறங்க வேண்டும், எதையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் மென்காந்தம் என்று பெயர்.

சேம்பர் மனோஜ் பொறுப்பில் இருந்தது. கொடுமுடிக்காரன், எஞ்சினியர், என்னைவிடப் பத்து வயது இளையவன், என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவான். அவன் படலத்தைச் செய்து கொடுப்பான், நான் அளப்பேன். என் பெஞ்சில் ஒரு செப்புப் பட்டை இருக்கிறது. அதன் அடியில் படலத்தைச் செருகி, காந்தம் திசை மாறும் வேகத்தை ஏற்றிக்கொண்டே போவேன். திரையில் ஒரு கோடு நேராக ஓடும். படலத்துக்கு மூச்சு முட்டுகிற இடத்தில் கோடு விழுந்துவிடும். விழுகிற இடம்தான் படலத்தின் மார்க். வாடிக்கையாளர் கேட்டது இரண்டு கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு இருநூறு கோடி முறை. மனோஜ் செய்தது ஒவ்வொன்றும் ஒன்றரைக்கு முன்னாலேயே குப்புற விழுந்தது.

மாதக்கணக்கில் இதே கதைதான். ஒருநாள் எனக்கு அந்தக் கண்ணுக்குப் பின்னால் இருப்பது எழுந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் கத்தினேன். “மனோஜு, உனக்குக் கை வராது! பேசாம ஊருக்குப் போயி மஞ்சக் காட்டுக்குத் தண்ணி பாச்சு. அது வேணா உனக்கு வரும்.”

அந்த வாரமே முதலாளி சேம்பரை அக்ஷயாவிடம் கொடுத்துவிட்டு மனோஜைப் பேக்கிங் பக்கம் அனுப்பினார். அக்ஷயா அப்போதுதான் படிப்பை முடித்து வந்த பெண். மனோஜின் செய்முறையையே வைத்துக்கொண்டு சேம்பருக்குள் விடுகிற வாயுவின் அழுத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துப் பார்க்கிறேன் என்றாள்.

அக்ஷயாவின் முதல் படலம் என் பெஞ்சுக்கு வருகிற அன்று ஜோஸ்லின் என் பையில் ஒரு மாதா சிலையை வைத்தாள். என் மாமனார் வேளாங்கண்ணியில் வாங்கியது. கார் முகப்பில் ஒட்டி வைக்கிற சிலை. எங்களிடம் இருப்பது ஸ்கூட்டர். கார் வாங்குகிற அன்று வைத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்று கொடுத்திருந்தார். “அலமாரியில சும்மாதான இருக்காங்க, உங்க பெஞ்சுல வெச்சுக்குங்க” என்றாள் ஜோஸ்லின். வைத்தேன். பெஞ்சுக்குப் பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தில், செப்புப் பட்டைக்கு நேர் பின்னால், நீல அங்கியோடு மாதா கச்சிதமாக உட்கார்ந்துகொண்டாள். ‘இது மட்டும் தேறட்டும் தாயே, முடி இறக்குகிறேன்’ என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டு படலத்தைச் செருகினேன்.

கோடு ஒன்றரையைத் தாண்டியது. இரண்டையும் தாண்டியது. அதற்கப்புறம்தான் விழுந்தது.

அக்ஷயா துள்ளினாள். முதலாளி ஓடிவந்து திரையைத் தொட்டுப் பார்த்தார். அடுத்தடுத்து வந்த படலங்களும் தேறின. கோட்டின் உயரம் கொஞ்சம் இறங்கியிருந்தது, அதைப் பற்றி யார் கவலைப்பட்டோம்? நான் ஜோஸ்லினைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். முதலாளி என் தலையைத் தடவிப் பார்த்து, “ஜெரால்டு, இந்த மண்டையில வெயில் பட்டா கரண்டே எடுக்கலாமாட்ட இருக்குதப்பா” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வருகிறவர்களை நான் படுத்துகிற பாடு ஊருக்கே தெரியும். சாவி, கைக்கடிகாரம், போன், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு குண்டூசி இருந்தாலும் கத்துவேன். ஏனென்றால் பக்கத்தில் ஒரு காந்தம் இருந்தால் அது படலத்தை ஒரே திசையில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டினால் சத்தம் மேலே போகுமே, அதுபோல அளவும் மேலே போய்விடும். படலம் தேறாமலேயே தேறியதுபோல் தெரியும். இது எனக்குத் தெரியாதா? மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி.

கார் முகப்பில் சிலை எப்படி நிற்கிறது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. இரும்புச் சட்டத்தில் அது எப்படி அவ்வளவு உறுதியாக நின்றது என்றும் யோசிக்கவில்லை. அது எனக்குக் காந்தமாகத் தெரியவே இல்லை. மாதாவாகத்தான் தெரிந்தது.

வழியனுப்பு விழா அன்று காலையில் முதலாளி வந்து, “நாளைக்கு ஆளு வர்றாங்க, பெஞ்சு மேல ஒரு சாமானும் இருக்கப்படாது. வர்றவங்க எந்தச் சாமி கும்புடறவங்களோ, நமக்கெதுக்கு வம்பு?” என்றார். சேம்பர் மேல் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தை அவரே எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்தார். நான் மாதாவை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தேன். கடைசியாக ஒருமுறை அளந்து பார்த்துவிடலாம் என்று நல்ல படலம் ஒன்றைச் செருகினேன்.

கோடு ஒன்றரைக்கு முன்னால் விழுந்தது.

படலத்தில் கீறல் விழுந்திருக்கும் என்று வேறொன்றைச் செருகினேன். அதுவும் அங்கேயே விழுந்தது. இன்னொன்று. அதுவும்தான். வயர்களைக் கழற்றி மாட்டினேன், கருவியை அணைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. பெஞ்சில் வேறென்ன மாறியிருக்கிறது என்று பார்த்தேன். எதுவும் மாறவில்லை, மாதா மட்டும்தான் இல்லை. பையிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். கோடு எழுந்து இரண்டைத் தாண்டி ஓடியது. எடுத்தேன், விழுந்தது. வைத்தேன், எழுந்தது. சிலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பளபளவென்று ஒரு காந்த வட்டு. மேஜை மேல் கிடந்த இரும்பு ஸ்கேல் தானாக வந்து அதில் ஒட்டிக்கொண்டது.

இழுப்பறைக்குள் மனோஜ் செய்த பழைய படலம் ஒன்று கிடந்தது. அதை எடுத்துச் செருகினேன். மாதா இருக்கும்போது அதுவும் இரண்டைத் தாண்டியது. சொல்லப்போனால் அக்ஷயாவுடையதைவிட ஒரு முடியளவு அதிகமாகவே.

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

மொட்டையோடு நான் வேலைக்குத் திரும்பிய மறுநாள் மனோஜ் பேக்கிங் பக்கமிருந்து என் பெஞ்சுக்கு வந்தான். சிலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணா, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?” என்று தயங்கினான். “அந்த மாதாவக் கொஞ்சம் அக்கட்டால வெச்சுப்போட்டு ஒருக்கா அளந்து பாக்கலாங்களாங்ணா? அதுக்கு அடியில...”

முடிக்க விட்டேனா? எழுந்துவிட்டதே எனக்கு!

“ஏன், எங்க மாதா உன்ற கண்ணை உறுத்துதா? சேம்பர் மேல உங்க புள்ளையார் உக்காந்துட்டு இருக்காரு, ஒரு நாளாச்சும் எடுன்னு சொல்லியிருப்பனா? உன்னால ஆகாதது எங்க சாமியால ஆச்சுன்னு வயித்தெரிச்சலா?”

“ஐயோ, அப்படிச் சொல்லலீங்ணா...”

“வேற எப்படிடா சொன்ன?”

சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார். சாமி சமாசாரம் என்றதும் அவருக்கு முகமே வெளுத்துவிட்டது. யார் என்ன சொன்னார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. “ஏனப்பா, நம்ம கம்பெனியில இந்தப் பேச்சு ஆகாது. மனோஜு, ஒரு சாரி சொல்லிப்போடு, இதோட போகட்டும்” என்றார். மனோஜ் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். “சாரிங்ணா” என்றான். அதற்கப்புறம் என் பெஞ்சுப் பக்கமே வரவில்லை. கொஞ்ச நாளில் ராஜினாமாவைக் கொடுத்தான். சாமியைப் பழித்தவன் என்று இரண்டு பேர் அவனோடு சாப்பிட உட்காருவதையே விட்டிருந்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அப்போது ‘வேணும்’ என்று நினைத்தவன் நான்.

காந்தம் என்று தெரிந்த அந்த வழியனுப்பு நாள் காலையில் நான் செய்ததைக் கேளுங்கள். சிலையைத் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தேன். ஆமாம், வைத்தேன். பெங்களூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அவர்கள் ஊரில் அளந்து பார்த்துக் கேட்டால் வழியில் கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்குள் மனோஜ் மஞ்சள் காட்டில் இருப்பான், காந்தத்தைப் பற்றி யாருக்குத் தெரியப்போகிறது என்று என் புத்தி கடகடவென்று கணக்குப் போட்டது. ‘சிலை இருக்கட்டும், அது இல்லாமல் எனக்குக் கை ஓடாது’ என்று முதலாளியிடம் சொன்னால் அவர் மறுக்கமாட்டார் என்பதுவரைக்கும் யோசித்துவிட்டேன். மாதாவின் முகத்தைப் பார்க்காமல்தான் யோசித்தேன். பார்க்கத் தைரியம் வரவில்லை.

மதியம் எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முதலாளி எழுந்து, “நம்ம மனோஜு நல்ல பையன். எல்லாருக்கும் எல்லா வேலையும் கைகூடறதில்லீங்களே. ஊர்ல நெலம் இருக்குது, அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்” என்று பேசி ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் கையே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மனோஜ் எல்லோருக்கும் நன்றி சொன்னான். அக்ஷயாவிடம் வால்வு ஒன்றைப் பற்றி எச்சரிக்கையாக இருக்கச் சொன்னான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

“ஜெரால்டு அண்ணா, அன்னைக்கு மாதாவப் பத்திச் சொல்லிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்ணா.”

எல்லோர் முன்னாலும், இரண்டாவது முறையாக, அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். இதற்கு மேலும் வாயைத் திறக்காவிட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. தட்டைக் கீழே வைத்தேன்.

“மனோஜு, பெஞ்சுக்கு வா. எல்லாரும் வாங்க. சார், நீங்களும் வாங்க.”

பிரியாணிக் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார்கள். பெல்ட்டைக் கழற்று, சாவியை வை என்று அன்று நான் யாரையும் விரட்டவில்லை. அவர்களாகவே கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். மனோஜ் செய்த பழைய படலத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். செருகினேன். கோடு நேராக ஓடி இரண்டைத் தாண்டியது.

அக்ஷயா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அண்ணா, இது மனோஜ் அண்ணா பண்ணுனதுங்க. இது தேறலைன்னுதான...”

“இப்ப அந்தச் சிலையை எடு மனோஜு” என்றேன்.

அவன் அசையவில்லை. “வேண்டாங்ணா” என்றான் மெதுவாக.

“எடுடா. அன்னைக்கு எடுக்கச் சொன்னீல்ல? நீதான் எடுக்கோணும்.”

மனோஜ் முதலாளியைப் பார்த்தான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். மனோஜ் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அப்புறம் இரண்டு கையாலும் மாதாவை எடுத்து, சட்டத்திலிருந்து கொஞ்சம் பலமாக இழுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். திரையில் கோடு சரிந்து ஒன்றரைக்கு முன்னால் விழுந்தது.



“சிலைக்கு அடியில காந்தம் இருக்குதுங்க சார்” என்றேன். “படலம் ஒண்ணுமே தேறல. மனோஜு பண்ணுனதும் அக்ஷயா பண்ணுனதும் ஒரே லட்சணந்தான். இவன் அன்னைக்கே வந்து சொன்னான். நான் காதுல வாங்கல. சாமியக் குத்தம் சொல்றான்னு கத்தி, இவன மன்னிப்புக் கேக்க வெச்சேன். தப்பெல்லாம் என்றதுங்க.”

அரங்கசாமி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் போனை எடுத்துப் பெங்களூருக்குப் பேசி, நாளைக்கு வர வேண்டாம், எங்கள் அளவில் பிழை இருக்கிறது என்று சொன்னார். வைத்துவிட்டு நிமிர்ந்தார். “மனோஜு, போவாதப்பா. சேம்பரை நீயே எடுத்துக்க. நானும் அன்னைக்கு விசாரிக்காமப் போயிட்டேன்.”

“இல்லீங்க. ஊட்டுல சொல்லிப்போட்டேன், அப்பா எதிர்பாத்துட்டு இருப்பாருங்க” என்றான் மனோஜ். கோபம் இல்லை, குத்தல் இல்லை. அவன் குரலில் அதெல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்து நான் தயாராக நின்றது வீணாகப் போயிற்று.

“காந்தம்னு தெரிஞ்சுதுல்ல?” என்று கேட்டேன். “அப்புறமாச்சும் சார்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமேடா. ஏன் சொல்லல?”

அவன் என் தலையைப் பார்த்தான். மொட்டை போட்ட தலையில் அப்போது அரை விரல் உயரத்துக்கு முடி முளைத்திருந்தது.

“நேந்துக்கிட்டுப் போயி மொட்டை போட்டுட்டு வந்து நின்னீங்ணா. ஜோஸ்லின் அக்காவும் வந்து எல்லாருக்கும் கோயில் பிரசாதமெல்லாம் குடுத்தாங்க. அதைப் போயி பொய்யுன்னு எப்படிங்ணா சொல்றது? அன்னைக்குச் சொல்ல வந்ததே தப்புன்னு ஆயிப்போச்சு.”

“என்னைய மன்னிச்சுக்க மனோஜு.”

“படலம் சரியில்லைன்னீங்க, அதெல்லாம் எனக்குப் பெருசா இல்லீங்ணா. இன்னொரு படலம் செஞ்சுக்கலாம்.” அவன் இன்னும் சிலையை நெஞ்சோடுதான் வைத்திருந்தான். “சாமியப் பழிச்சேன்னு சொன்னதுதான். ஊட்டுல போயிச் சொன்னேன். அம்மா பயந்துட்டாங்க. ‘மாதா சாமியப் போயி ஏதாச்சும் சொல்லிப்போட்டயா கண்ணு’ன்னு ஒரே அழுகை. அடுத்த ஞாயித்துக்கிழமையே கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மெழுகுவத்தி ஏத்த வெச்சாங்க. நானும் ஏத்தி, முட்டி போட்டு, தெரியாமச் சொல்லிப்போட்டேன் தாயேன்னு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டனுங்ணா.”

சொல்லிவிட்டுச் சிலையை என் கையில் கொடுத்தான்.

செய்யாத குற்றத்துக்கு அவன் கருமத்தம்பட்டியில் முட்டி போட்டுக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கள் பங்குக் கோயிலில், மொட்டைத் தலையோடு முதல் வரிசையில் நின்று, கேட்டதைக் கொடுத்தாய் என்று அதே மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் சொன்னதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். அதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மனோஜ் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். வாசல்வரைக்கும் போய்த் திரும்பி, “வாரனுங்ணா” என்றான். நான் சிலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.